விஜயகலா குடியிருக்கும் ஊர்

லில், பிரான்ஸ்
2024 மார்ச் 10

அன்புள்ள அக்கா,

கடிதத்தைக் கண்டதும் பயந்திருப்பீர்கள். கெட்ட செய்தி ஒன்றுமில்லை. இவர் வீட்டில் இருக்கும்போது நான் ரப்பர் தோட்டத்துக்கு ஃபோன் எடுப்பதில்லை. உங்களுக்கும் சிக்னல் பிடிக்கக் கோயில் மேட்டில் ஏறவேண்டும், அங்கே நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் தெரணியகலை ஹுஸைன் நானா கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். பதிலை நான் வேலை செய்யும் ஹோட்டல் விலாசத்துக்குப் போடுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

என் மகள் ஷாமிளா பெரிய பிள்ளையாகிவிட்டாள். செப்டெம்பரில் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்கிறோம். இவருடைய அக்கா, தங்கை, மாமி என்று பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரு பட்டாளமே வருகிறது. என் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை. நீங்கள் வரவேண்டும் அக்கா. டிக்கெட், விசாக் கடிதம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இது பிரான்ஸின் வடக்கு மூலை. பெல்ஜியம் கூப்பிடு தூரம். முன்பு ஃபிளாண்டர்ஸ் என்ற நாட்டோடு சேர்ந்த ஊராம், பிறகு பிரெஞ்சு ராஜா பிடித்துக்கொண்டாராம். பழைய வீடுகள் இன்னும் அந்த ஃபிளாமிஷ் சாயலில்தான் நிற்கின்றன. செங்கல் சுவர், மேலே படிப்படியாக ஏறும் முகப்பு. சரியான வடிவு. செப்டெம்பர் முதல் கிழமை ஊர் முழுக்கத் தெருச்சந்தை போடுவார்கள். சாப்பாட்டுக் கடைகள் மட்டி அவித்துக் கொடுத்து, ஓடுகளை வாசலில் ஆள் உயரத்துக்குக் குவித்து வைக்கும். உங்களுக்கு எல்லாவற்றையும் காட்ட ஆசை.

ஒன்றே ஒன்று. உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரில்தான் பாஸ்போர்ட் எடுக்கமுடியும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே எல்லோரும் என்னை விஜயகலா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நீங்கள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது.

உங்கள்
ஜீவா

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.


தெரணியகலை
2024 ஏப்ரல் 6

ஜீவா,

ஹுஸைன் நானாவின் மனைவி நூரியா ராத்தா உன் கடிதத்தைச் சீனி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்து, "களவுக் காதல் மாதிரில்ல இருக்கு ஒங்கட வேல" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தங்கச்சி கடிதத்தைக் காதலன் கடிதம் மாதிரி வாங்குகிறேன்.

முன்பெல்லாம் எனக்கு நீ, வா, போ என்று எழுதுவாய். இப்போது "நீங்கள்". "சரியான வடிவு" வேறு. யாழ்ப்பாணத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், இருக்கட்டும்.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்கிறாய். தெரியும்தான். ஆனாலும் இது ஒருதரமாவது ஒரு கடதாசியில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். உனக்குப் பதினெட்டு வயது, எனக்கு இருபத்துநாலு. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் பிடித்தவன், இருபத்தொன்று முடிந்திருக்க வேண்டும் என்றான். நான் ரப்பர் மலையில் பேர் பதிந்து வேலை செய்கிறவள், என்னை அனுப்ப முடியாது. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்து உன் கையில் கொடுத்தாள். என் பேரும் உன் படமுமாக அடையாள அட்டை வந்தது, பாஸ்போர்ட் வந்தது. "பேருதானேடி, ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துரும்" என்றாள் அம்மா.

பதினெட்டு வருஷமாகிவிட்டது. நீ குவைத் முதலாளி குடும்பத்தோடு பாரிஸ் போனாய், அங்கே அவர்களை விட்டு ஓடினாய், விஜயகலாவாகவே கிருஷ்ணகுமாரைக் கட்டினாய், விஜயகலாவாகவே அந்த நாட்டுப் பிரஜையும் ஆகிவிட்டாய். எனக்கு வோட்டுப் போட அட்டை தேவைப்பட்டபோது பெட்டியில் மிச்சமிருந்தது உன் சான்றிதழ்தான். அட்டையில் நான் ஜீவராணி. தோட்டத்து ஆள்பதிவுச் செக்ரோலில் மட்டும் இன்னும் விஜயகலா. இருபத்துநாலு வருஷமாக அந்தப் பேரில்தான் ரப்பர் பால் வெட்டுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மழையில் நம் லயத்து அறைகளுக்குப் பின்னால் மலை வெடித்தது. மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சிவப்புக் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்கள். ரோட்டோரத்தில் பதினெட்டு வீடு கட்டுகிறார்கள். செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அந்தப் பேரும் அட்டைப் பேரும் ஒன்றாக இருக்கவேண்டும். கிளாக்கர் கஜேந்திரனிடம் அழாத குறையாகக் கேட்டேன். "வெளிநாட்டுல இருக்கவங்க, நான்தான் ஜீவராணி, தோட்டத்துல இருக்கது எங்க அக்கா விஜயகலான்னு ஒரு சத்தியக்கடதாசி குடுத்தாங்கன்னா வழி இருக்குங்க" என்றார்.

வருகிறேன். சடங்குக்கும் வருகிறேன், அந்தக் கையெழுத்துக்கும் வருகிறேன். எது முதல் என்று கேட்காதே.

விஜயகலா

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.


லில்
2024 மே 19

அன்புள்ள அக்கா,

நகரசபையில் வாங்கிய அழைப்புக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். விசா நேர்காணலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்தை நேரில் பேசுவோம். தயவுசெய்து இனி எழுதவேண்டாம். ஹோட்டலில் தமிழ் தெரிந்த பிள்ளை ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள்.

இவர் வீட்டில் நாங்கள் ரத்தினபுரி டவுன் ஆட்கள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். லயம், தோட்டம், மலை என்று பேச்செடுக்காதீர்கள். குறைவாகப் பேசினால் ஒன்றும் வராது. இன்னொன்று, கோபப்படாதீர்கள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே பால் வெட்டுவதை நிறுத்திவிட்டு, கைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவையுங்கள். அந்தக் கறுப்புக் கறையைப் பார்த்தால் கேட்பார்கள்.

ஷாமிளா நாள் எண்ணுகிறாள். "வாறது ஆர் அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள்
ஜீவா


தெரணியகலை
2024 ஒக்டோபர் 4

ஜீவா,

வந்து சேர்ந்தேன். கட்டுநாயக்கவில் அதிகாரி "நம மொகக்த?" என்று பேர் கேட்டபோது, யோசிக்காமல் ஜீவராணி என்றேன். போகும்போது அந்தப் பேரை யோசித்துத்தான் சொன்னேன். மூன்று கிழமையில் நன்றாகப் பழக்கிவிட்டாய்.

உன் ஊர் நல்ல ஊர், அதில் குறை சொல்லமாட்டேன். மட்டி ஓட்டுக் குவியலைப் பார்த்தேன், நாற்றமும் பிடித்தேன். பழைய வீடு ஒன்றின் சுவரில் பதிந்திருந்த பீரங்கிக் குண்டைக் காட்டினாய். எந்தக் காலத்திலோ அடித்த குண்டைத் தோண்டி எடுக்காமல், போகிறவன் வருகிறவன் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நகரமண்டபக் கோபுரத்தின் அடியில் இரண்டு ராட்சத உருவங்களைக் காட்டிக் கதையும் சொன்னாய். ஒருவன் இன்னொருவனின் அப்பனைக் கொன்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான், மகன் வளர்ந்து வந்து அவனைக் கொன்று மீட்டான். பிடுங்கினவனும் மீட்டவனும் ஒரே கோபுரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் சிரித்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை.

இனிச் சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். நம் லயத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது தாய் வீட்டு ஆள் முதல் சொம்பு ஊற்றாமல் வேறு யாரும் சொம்பைத் தொடமாட்டார்கள். இது உனக்குத் தெரியாதா? உனக்கு வார்க்கும்போது சின்னம்மாவின் பஸ் றக்வானையிலிருந்து வந்து சேரும்வரை மூன்று மணித்தியாலம் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தாயே. ஷாமிளாவுக்கு முதல் சொம்பு உன் மச்சாள் ஊற்றினாள். நான் கதவோரம் சேலைப் பொட்டலத்தோடு நின்றேன். நூரியா ராத்தா கடையையே புரட்டிப் போட்டுத் தேடி எடுத்துத் தந்த மாம்பழ மஞ்சள் சேலை. "பிறகு கட்டலாம்" என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாய்.

பிறகு மண்டபத்துச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். அங்கேதான் என் கையை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. உன் மச்சாள் வந்து எட்டிப் பார்த்து, "விஜயகலா, இவ ஆர்?" என்று கேட்டாள். பேரைக் கேட்டதும் திரும்பப் போனேன், அடக்கிக்கொண்டேன். நீ சொன்னாய்: "ஊரில அம்மாவைப் பார்த்துக்கொண்டவ."

தடுமாறாமல் சொன்னாய். முன்பே யோசித்து வைத்தது மாதிரி இருந்தது. அவள், "நல்ல மனுசி போல கிடக்கு. எங்கட மாமிக்கும் இப்பிடி ஒராள் கிடைச்சால் நல்லம்" என்றாள். அடுத்த நாள் தான் கட்டிக் கழித்த சேலை இரண்டை ஒரு பையில் போட்டு எனக்குக் கொடுத்தனுப்பினாள்.

பொய் என்று எப்படிக் கத்துவது? பார்த்துக்கொண்டது நான்தானே. ஏழு வருஷம் படுக்கையில் கிடந்தவளுக்குப் பீ மூத்திரம் அள்ளினது நான்தானே. நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கையெழுத்தைப் பற்றி மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை சடங்கு முடியட்டும் என்றாய். இரண்டாம் தடவை, இவர் பக்கத்து அறையில் இருக்கிறார் என்றாய். மூன்றாம் தடவை விமான நிலையத்தில், பதிலுக்கு ஒரு சொக்லேட் பெட்டியை என் பையில் திணித்தாய். அதை நூரியா ராத்தாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

விஜயகலா


லில்
2024 நவம்பர் 3

அக்கா,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இனி நீ என்றே எழுதுகிறேன், கோபத்தில் "நீங்கள்" வரவில்லை.

தங்கச்சி ஜீவராணி என்றாவது சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறாய். அப்படித்தான் சொல்வதாக இருந்தேன், சத்தியமாக. நீ ஸ்டேஷனில் இறங்கி வந்தாய். கடதாசிப்படி நான் நாற்பத்திரண்டு வயது அக்கா, நீ முப்பத்தாறு வயதுத் தங்கச்சி. உன் தலை முழுக்க நரைத்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. பார்த்ததும் அம்மா வந்து இறங்கியது போலத்தான் இருந்தது. உன்னைக் காட்டி இவள் எனக்கு இளையவள் என்றால் யார் நம்புவார்கள்? அந்த இடத்திலேயே எல்லாம் பிடிபட்டிருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பொய்யைத் தேடிப் பிடித்தேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

வெட்கப்பட்டேன் என்பதும் உண்மைதான். கல்யாணமான புதிதில் மச்சாள் டிவியில் நம் ஆட்களைப் பார்த்துவிட்டு, "தோட்டக்காட்டாரின்ர கதையைக் கேள்" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தவள் பிறகு எப்படி மாற்றிச் சொல்வாள்?

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே. உன் பேரை நானா கேட்டேன்? அம்மா கொடுத்தாள். நீயும் பக்கத்தில் நின்றாய், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? குவைத்தில் நாலு வருஷம் பூட்டிய வீட்டுக்குள் கிடந்தது நான். அந்த வீட்டு மனுசி கோபம் வந்தால் சூடான இஸ்திரிப்பெட்டியை எடுப்பாள். என் இடது தோளை நீ பார்த்ததில்லை, நான் காட்டவும் மாட்டேன். விஜயகலா, விஜயகலா என்று கூப்பிட்டுத்தான் அடித்தாள். உன் பேரில் விழுந்த அடி உனக்கு வலித்ததா?

கையெழுத்துப் போட்டால் பொய்ப் பேரில் பிரஜையானேன் என்று பிரெஞ்சு அரசாங்கம் என் பிரஜா உரிமையைப் பிடுங்கலாம். இவருக்குத் தெரியவரும், மச்சாளுக்குத் தெரியவரும். ஷாமிளாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வேறு ஏதாவது வழி பார் அக்கா.

ஜீவா


தெரணியகலை, பாடசாலை மண்டபம்
2024 டிசெம்பர் 2

ஜீவா,

ஒரு கிழமையாக மழை. மரம் காயாததால் பால் வெட்டு இல்லை. அதனால்தான் நாங்கள் எல்லோரும் லயத்தில் இருந்தோம், சத்தம் கேட்டதும் ஓடமுடிந்தது. பின்சுவரை மண் தள்ளிவிட்டது. நீயும் நானும் படுத்த பக்கத்துச் சுவர். நான் தகரப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது முப்பத்தொரு பேர் பாடசாலையில் படுக்கிறோம், ஒரே ஒரு கக்கூஸ்.

குவைத்தைப் பற்றி இப்போதுதான் முதல்தரம் சொல்கிறாய். படித்துவிட்டு அழுதேன். வலித்ததா என்று கேட்டாய். வலிக்கிறது. அம்மா பெட்டியைத் திறந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றதும் உண்மைதான். அதற்கு என்ன தண்டனையோ கொடு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஜனவரி முப்பத்தொன்றோடு வீட்டுப் பட்டியலை மூடுகிறார்கள். உன்னிடம் நான் வேறு ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கடதாசியில், நீ ஜீவராணியாக இரு. அதைக் கஜேந்திரன் கொழும்புக்கு மட்டும்தான் அனுப்புவார், பிரான்சுக்கு யார் எழுதப்போகிறார்கள்? என் பேரோடு நான் ஒரு சுவருக்குள் படுக்கவேண்டும், அவ்வளவுதான்.

அக்கா


லில்
2025 ஜனவரி 9

அக்கா,

உயிர் தப்பியதற்கு இங்கே மாரியம்மன் படத்துக்கு விளக்கு வைத்தேன். இவர் ஏன் என்று கேட்டார், சும்மா என்றேன்.

இங்கே பனி கொட்டுகிறது. இருட்டியே கிடக்கிறது. ஹோட்டலில் விரிப்பு மடிக்கும்போதெல்லாம் நீ பாடசாலைத் தரையில் படுத்திருப்பதுதான் ஞாபகம் வருகிறது. நான் கல்லில்லை அக்கா.

எனக்கு இரண்டு வருஷம் கொடு. ஷாமிளா கொஞ்சம் வளரட்டும், இவரிடம் மெல்ல மெல்லச் சொல்லி ஒரு வழிக்குக் கொண்டுவருகிறேன். பிறகு நானே கொழும்புக்கு வந்து எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டே வருஷம். உன் பேர் உன்னிடம் வந்துவிடும்.

அந்த மஞ்சள் சேலையை நேற்று ஷாமிளா எடுத்துக் கட்டிப் பார்த்தாள். அவளுக்கு நல்ல பொருத்தம். யார் கொண்டுவந்தது என்று கேட்டாள்.

ஜீவா


தெரணியகலை
2025 பெப்ரவரி 12

விஜயகலாவுக்கு,

உன் கடிதம் ஜனவரி இருபத்தாறாம் திகதி கிடைத்தது. இரண்டு வருஷம் என்ற இடம் வந்ததும் நூரியா ராத்தாவின் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் இதையேதான் சொன்னாள், இதே கணக்கில். ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

ஷாமிளா கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. எழுதாததே போதும்.

அடுத்த நாள் கஜேந்திரனிடம் போனேன். மனுஷர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஒரே ஒரு வழிதாங்க இருக்கு. ஆனா அது நல்ல வழி இல்லீங்க" என்றார். செக்ரோலில் விஜயகலாவை வெட்டிவிடுவது. வெளிநாடு போய்விட்டதாக எழுதிவிடுவது. அட்டையில் உள்ள ஜீவராணியைப் புதிதாகப் பதிவது. பின்சுவர் விழுந்த அறையில் குடியிருந்தவள், தோட்டத்தில் பேர் உள்ளவள் என்று ஜீவராணிக்கு வீடு கிடைக்கும். விஜயகலாவின் இருபத்துநாலு வருஷச் சேவை விஜயகலாவோடு போய்விடும்.

சரி என்றேன். அவர் சிவப்புப் பேனையால் கோடு இழுத்தார். அடிமட்டம் வைத்து நேராக இழுத்தார், பாவம். இப்போது நான் தோட்டத்துக்குப் புது ஆள். எனக்குப் பிறகு பிறந்த பெண்களெல்லாம் என்னைவிடப் பழைய ஆட்கள். முதல் நாள் கங்காணி எனக்குக் கத்தி பிடிக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார். விதிப்படி புது ஆளுக்குக் காட்டத்தான் வேண்டுமாம். அவருக்கு அந்த மரத்தில் முதல் வெட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தவள் நான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விசாரணை நடந்தது. கேகாலையிலிருந்து வந்த அதிகாரி நல்ல மாதிரி, தமிழும் பேசினார். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அக்கா விஜயகலா எங்கே என்று கேட்டார். பிரான்ஸில் லில் என்ற ஊரில் இருக்கிறாள், கல்யாணம் கட்டி ஒரு பிள்ளையும் இருக்கிறது, வசதியாக இருக்கிறாள், திரும்பி வரமாட்டாள் என்றேன். வரமாட்டாள் என்று உறுதியாகத் தெரியுமா என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன்.

பிறகு அவர் என் செக்ரோல் தாளை எடுத்தார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. என் தலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "நீங்க இந்தத் தோட்டத்திலயே பொறந்து வளந்தவங்க. இத்தன வருஷமா ஒரு நாள்கூட பேர் இல்லையே. என்னதான் செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. நீதான் சொல்லித் தந்திருக்கிறாயே.

"அம்மாவப் பாத்துக்கிட்டேங்க" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வீடு கிடைத்துவிட்டது. ஏழாம் இலக்கம். இனி ஹுஸைன் நானா கடை விலாசத்துக்கு விஜயகலா என்று பேர் போட்டு எதுவும் அனுப்பாதே. அப்படி ஒருத்தி இங்கே இல்லை.

ஜீவராணி